எழுந்து நிற்பது என்னும் வேலை

படுக்கையிலிருந்து எழுந்து நிற்கிறோம். அடுத்த சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் தொடைக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே கண்டுகொள்கின்றன. நரம்புகள் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்த நாளங்களைச் சுருக்குகின்றன. இதயம் நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது. மூளைக்கு இரத்தம் குறையாமல் போய்ச் சேருகிறது. நாம் அதற்குள் பல் துலக்கப் போயிருப்போம். இத்தனையையும் நம்மைக் கேட்காமல் செய்துமுடிப்பது தன்னியக்க நரம்பு மண்டலம். செரிமானம், வியர்வை, உடல்வெப்பம், சிறுநீர்ப்பை, கண்மணியின் சுருக்கம் எல்லாம் அதன் பொறுப்பில்தான் இருக்கின்றன.

உண்ணிக்கடியால் தொற்றும் லைம் நோய் வந்து, மருந்து முடித்து, 'குணமாகிவிட்டது' என்று அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மாதக்கணக்கில் சோர்வும் வலியும் மறதியுமாகக் கிடக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்த எழுந்து நிற்கும் வேலையே நடப்பதில்லை. நின்றால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது, கை நடுங்குகிறது, படுத்தால் அடங்குகிறது. லைம் நோயைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் சண்டை, கிருமி உடலுக்குள் இன்னும் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது. அந்தச் சண்டைக்கு நடுவே, நின்றால் நாடித்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று எண்ணிப் பார்ப்பது போன்ற எளிய காரியம் பின்தள்ளப்பட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் என்னும் மூன்று சிற்றூர்கள். லைமில் வாழ்ந்த பாலி மரே என்ற தாய்க்கு 1960களிலிருந்தே விளங்காத தொல்லைகள்: தடிப்பு, மூட்டு வீக்கம், தலைவலி, களைப்பு. பின்னர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராக வந்தது. மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை. எல்லாம் மனப்பிரமை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர் செய்தது ஒன்றுதான்: யாருக்கு, எந்தத் தேதியில், எந்த மூட்டு வீங்கியது என்று குறித்துக்கொண்டே வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதே முழங்கால் வீக்கம் இருப்பது தெரிந்ததும், 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொண்டார். அதே காலத்தில் இன்னொரு தாயும் தொடர்புகொண்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய் பயின்றுகொண்டிருந்த ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவர் விசாரிக்க வந்தார். 1977இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் 51 நோயாளிகள். அவர்களில் 39 பேர் குழந்தைகள். நான்கில் ஒருவருக்கு, மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் விரிந்து பரவும் ஒரு சிவப்பு வளையம் வந்ததாக நினைவிருந்தது.

அந்த வளையம் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. ஸ்வீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்சீலியஸ் 1909லேயே அதைச் சொல்லியிருந்தார். உண்ணிக்கடியோடு தொடர்புபடுத்தியும் இருந்தார். பிரான்சில் 1922இல் உண்ணிக்கடிக்குப் பின் வந்த நரம்பு வலியும் வாதமும் பதிவாகியிருந்தன. கிருமியைக் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டார்ஃபர். மொன்டானா மாநிலத்தின் ஆய்வகம் ஒன்றில் நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்து, வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தவர், குடலில் திருகாணி போல் நெளியும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். 1982இல் அது வெளியானது. கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: பொரீலியா பர்க்டார்ஃபெரி. மேகநோயான சிஃபிலிசின் கிருமியும் இதே சுருள் வகைதான். அந்த உறவு தெரிந்தவர்களுக்கு, இந்த நோய் ஏன் தோல், மூட்டு, இதயம், நரம்பு என்று இடம் மாறுகிறது என்பதில் வியப்பிருக்காது.

உண்ணியைப் பற்றிச் சுருக்கமாக. மான் உண்ணி என்று அழைக்கப்பட்டாலும் மானின் இரத்தத்திலிருந்து அதற்குக் கிருமி தொற்றுவதில்லை. மான் முதிர்ந்த உண்ணிக்குச் சாப்பாடு போடுகிறது, அவ்வளவுதான். கிருமியைத் தருவது வெள்ளைக் கால் சுண்டெலி. ஓக் மரம் ஏராளமாகக் கொட்டை உதிர்த்தால் அடுத்த ஆண்டு எலி பெருகும். அதற்கடுத்த கோடையில் கிருமி சுமந்த இளம் உண்ணிகள் பெருகும். நியூயார்க் மாநிலத்தின் மில்புரூக்கில் காட்டைப் பல்லாண்டு பார்த்துவந்தவர்கள் கண்ட கணக்கு இது. இளம் உண்ணி ஒரு கசகசா விதை அளவு. கடித்தால் வலிக்காது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல், வழக்கமாக 36 முதல் 48 மணி நேரம், ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி உள்ளே இறங்கும். ஆகவே மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, தலைமுடி அடியில் தேடிப் பார்ப்பது வீண்வேலையல்ல. கண்டால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். ஊரில் மாட்டு உண்ணிக்குச் செய்வது போல மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது.

இங்கே தமிழர்களுக்கு நேரடியான சங்கதி ஒன்று உண்டு. நியூஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா போன்ற லைம் நோய் மிகுந்த மாநிலங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் மரக்கூட்டம், தோட்டத்துக்கு வந்துபோகும் மான், கோடையில் ஊரிலிருந்து வந்து புல்தரையில் பேரக்குழந்தையோடு விளையாடும் தாத்தா பாட்டி. மருத்துவ நூல்களில் காட்டப்படும் சிவப்பு வளையப் படங்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தத் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் போகலாம். கருஞ்சிவப்பாக, ஊதாவாக, அடிபட்ட கன்றல் போலத் தெரியலாம், அல்லது கண்ணில் படாமலே போகலாம். நடுவில் வெளிறிய 'குறிபார்க்கும் வட்டம்' வெள்ளையர்களிலேயே பலருக்கு வருவதில்லை. அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளில் தடிப்பு நிலையில் நோய் கண்டறியப்படுவது குறைவு, மூட்டு வீங்கிய பின் கண்டறியப்படுவது அதிகம். தோலின் நிறத்தால் ஒருவருக்கு மருந்து மாதக்கணக்கில் தாமதப்படுகிறது என்பது எனக்கு மனம் பொறுக்காத செய்தி.

இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் களைப்புக்கெல்லாம் லைம் பரிசோதனை கேட்க வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். இங்கே அந்த நோயின் பதிவுகள் மிகச் சில. தமிழ்நாட்டில் புதர்க்காட்டுக்குப் போய்வந்து காய்ச்சலோடு படுத்தவருக்கு முதலில் நினைக்க வேண்டியது சிற்றுண்ணியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான், ஆனால் அது வைரஸ். நோய் அரிதாக இருக்கும் இடத்தில் பரிசோதனை செய்தால், வரும் 'ஆம்'களில் பெரும்பங்கு பொய்யாகவே இருக்கும்.

நோய் மிகுந்த இடத்திலும் அந்தப் பரிசோதனை சிக்கலானதே. அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறது. அவை உருவாக வாரங்கள் ஆகும். தடிப்பு வந்த முதல் வாரத்தில் பரிசோதித்தால் பாதிப்பேருக்கு மேல் 'இல்லை' என்றே வரக்கூடும். அதனால் தடிப்பைக் கண்ணால் பார்த்தாலே மருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. மறுபுறம், நோய் முழுதும் தீர்ந்த பின்னும் அந்தப் புரதங்கள் பல ஆண்டுகள் இரத்தத்தில் இருக்கும். ஆகவே 'இப்போது நோய் இருக்கிறதா' என்ற, நோயாளிக்கு மிகவும் வேண்டிய கேள்விக்கு இந்தப் பரிசோதனையிடம் பதில் கிடையாது. இத்தனை சண்டைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் கண்டால் டாக்சிசைக்ளின் 10 நாள், அல்லது அமாக்சிசிலின் 14 நாள், பெரும்பாலோர் குணமாகிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்கு மருந்து பெறுவதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2010 முதல் 2018 வரையிலான தரவுகளை வைத்துக் கணித்தது. சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதத்துக்கு மேல் தொல்லை நீடிப்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்று சிலரும், 10 முதல் 20 பேர் என்று சிலரும் சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் அது சிறிய கூட்டமல்ல.

இவர்களுக்கு மேலும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பயனுண்டா? பல சோதனைகள் நடந்திருக்கின்றன. 2001இல் வெளியான சோதனையில் 30 நாள் நரம்பூசி, பின் 60 நாள் மாத்திரை. மருந்தில்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. 2003இல் ஒன்று: களைப்பு ஓரளவு குறைந்தது, ஆனால் ஊசிக்குழாய் வழியே வந்த தொற்றுகள் அந்தப் பலனை விலை மிகுந்ததாக்கின. 2008இல் 37 பேரைக் கொண்ட சிறு சோதனை: பத்து வாரம் ஊசி போட்டவரை நினைவாற்றல் மேம்பட்டது, நிறுத்திய பின் அது நிலைக்கவில்லை. 2016இல் நெதர்லாந்தில் 280 பேர்: பன்னிரண்டு வாரக் கூடுதல் மருந்தால் பயனில்லை. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவையே நானும் ஏற்கிறேன். மாதக்கணக்கில் ஊசிக்குழாயோடு இருந்து, அதன் வழியே வந்த தொற்றில் உயிரிழந்த ஒருவரைப் பற்றியும் மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆனால் இந்த முடிவை ஒரு தரப்பு எப்படிப் பயன்படுத்தியது என்பதில்தான் எனக்கு வருத்தம். 'ஆன்டிபயாடிக் பயன்படாது' என்பது 'உனக்கு ஒன்றுமில்லை' என்று நோயாளியின் காதில் விழும்படி சொல்லப்பட்டது. எதிர்த்தரப்பு மருத்துவர்கள் 'நாள்பட்ட லைம்' என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அவர்களிடம் போனவர்கள் முட்டாள்கள் அல்ல, வேறெங்கும் காது கொடுத்துக் கேட்கப்படாதவர்கள். சண்டை எந்த அளவுக்குப் போனதென்றால், 2006இல் வெளியான தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளை எதிர்த்து, கனெக்டிகட்டின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ரிச்சர்டு புளூமென்தால் விசாரணையே நடத்தினார். மறுஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 2010இல் அந்த நெறிகள் சரியே என்று சொல்லி முடித்தது. நோயாளிகளின் நிலையில் அதனால் எந்த மாற்றமும் வரவில்லை.

கிருமி ஓய்ந்த பின் ஏன் நோய் ஓயவில்லை? குரங்குகளில் மருந்துக்குப் பின்னும் கிருமி எஞ்சியிருந்ததாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதருக்கு அதை அப்படியே பொருத்துவது கடினம். கிருமியின் செல்சுவர்த் துண்டுகள் மூட்டுநீரில் தங்கி நோயெதிர்ப்பைக் கிளறிக்கொண்டே இருப்பதை 2019இல் கண்டார்கள். எதிர்ப்பு மண்டலம் வழிதவறி உடலையே தாக்குவது இன்னொரு விளக்கம். நரம்புகள் பழுதடைந்திருப்பது மற்றொன்று. அந்தக் கடைசி விளக்கத்தோடு நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறோம்.

லைம் கிருமி நரம்பைத் தொடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போகும் முகவாதம் அதன் பிரசித்தமான அடையாளம். இதயத்தின் மின்கடத்தலை அது தடுக்கும். நாடி திடீரென்று மந்தமாகி மயக்கம் போட்டு விழுவார்கள். அரிதென்றாலும் உயிருக்கு ஆபத்தானது, உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் முழுதும் சரியாவது. லைம் இருக்கக்கூடியவருக்கு மயக்கம் என்றால் இசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

நான் பேச வந்தது இதிலிருந்து வேறானது, மெதுவானது. பத்து நிமிடம் நிற்பதற்குள் இரத்த அழுத்தம் பெரிதாக விழாமலே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கும் மேல், பதின்பருவத்தினருக்கு 40க்கும் மேல், ஏறி அங்கேயே நின்றுவிடுவது. கூடவே தலைசுற்றல், படபடப்பு, மூளை மந்தம். மூன்று மாதமாவது இது நீடிப்பது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பாட்ஸ்' என்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 1993இல் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார்கள். ஆனால் 1871லேயே ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்கள் பலரிடம் இதையொத்த ஒன்றைக் கண்டு 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதினார். அந்த வீரர்களில் பலருக்கு முன்னதாகக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்ததையும் கவனித்தார். தொற்றுக்குப் பின் தன்னியக்க நரம்புகள் தடம்புரளும் என்பது இவ்வாறு பழைய செய்திதான். கோவிட் வந்து லட்சக்கணக்கானோர் அதே படபடப்போடு எழுந்து நின்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

லைமுக்கும் பாட்ஸுக்கும் உள்ள தொடர்புக்கான சான்று இன்னும் மெல்லியது; அதை மறைக்கக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் தன்னியக்க நரம்பு நோய் மையம் ஒன்று, லைமுக்குப் பின் பாட்ஸ் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியது. அவர்கள் ஐந்தே பேர். பாஸ்டனிலிருந்து 2019இல் வெளியான சிறு ஆய்வு, தோலில் உள்ள மிக நுண்ணிய நரம்பிழைகள் லைம் சிகிச்சைக்குப் பின்னும் தொல்லை நீடித்தவர்களிடம் குறைந்திருப்பதையும் தன்னியக்கச் சீர்குலைவையும் காட்டியது. அத்தகைய நுண்ணிழைகள்தான் கால் நாளங்களைச் சுருக்கச் சொல்பவை. அவை போனால் இரத்தம் காலிலேயே தேங்கும். அதை ஈடுகட்ட இதயம் ஓடும். விளக்கம் பொருந்துகிறது. ஆயினும் பாட்ஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் இளம் பெண்கள். லைம் மிகுந்த ஊரில் இரண்டும் தற்செயலாக ஒருவரிடமே வரவும் கூடும். எது எப்படியிருந்தாலும், நாடியில் ஏறும் அந்த முப்பது துடிப்பு கண்முன்னே இருக்கிறது. அதற்கு வைத்தியமும் இருக்கிறது. அந்த வைத்தியம் தொடங்க, கிருமி இன்னும் இருக்கிறதா என்ற வழக்கு முடிவாக வேண்டியதில்லை.

பாட்ஸ் உள்ள பெண்களில் பலர் 'பதற்ற நோய்' என்ற சீட்டோடு வீடு திரும்பியவர்கள். படபடப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள்தான். நிற்கும்போது உடல் அட்ரினலின் வகைச் சுரப்புகளை அள்ளி விடுவதால் வருபவையும் அவையேதான். பிரித்தறிய எளிய வழி, படுத்தால் அடங்குகிறதா என்று கேட்பது. பாலி மரேயிடம் யாரும் கேட்காதது போலவே இதையும் யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரு நாள் எப்படியிருக்கும்? காலைதான் மிகக் கொடியது. இரவு முழுதும் உடலில் நீர் குறைந்திருக்கும். எழுவதற்கு முன் படுக்கையிலேயே இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பது சிலருக்குச் சில நிமிடங்களில் அழுத்தத்தை ஏற்றி உதவும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, கெண்டைக்காலை இறுக்கி, உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். வெந்நீர்க் குளியல் நாளங்களை விரிக்கும். குளியலறையில் ஒரு நாற்காலி, வெதுவெதுப்பான நீர். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் இரத்தம் குடலுக்குப் போய்விடும். மதியம் இரண்டு மணிக்கு நின்று பேச முடியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. தொடையையும் வயிற்றையும் சேர்த்து இறுக்கும் உறை, வெறும் முழங்கால் உறையைவிட நல்லது. சமையலறையில் அடுப்புக்கு முன் ஓர் உயர நாற்காலி போட்டால், நின்று தாளிக்க முடியாதவர் உட்கார்ந்து தாளிக்கலாம்.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அது சங்கடமான விஷயம் என்பதால். ஊரெல்லாம் உப்பைக் குறை என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. பாட்ஸ் உள்ளவருக்கு மருத்துவர் 10 கிராம் வரைகூடச் சொல்வார், கூடவே இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். இரத்தத்தின் கன அளவைக் கூட்டத்தான் இது. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ரசம், ஊறுகாய் எல்லாம் இவர்களுக்கு மருந்துப் பட்டியலில் சேரும். ஆனால் அதே வீட்டில் இரத்தக்கொதிப்புள்ள அப்பா இருந்தால் பாத்திரத்தைப் பிரித்தாக வேண்டும். நோயாளிக்கே சிறுநீரகக் கோளாறோ உயர் அழுத்தமோ இருந்தால் இந்த யோசனையே கூடாது.

மாத்திரைகள் உண்டு: துடிப்பைத் தணிக்கச் சிறிய அளவு ப்ரோப்ரனலால் அல்லது ஐவாப்ரடின், நாளத்தைச் சுருக்க மிடோட்ரின், உப்பை உடலில் நிறுத்த ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். எதுவும் பாட்ஸுக்கென்றே தனியாக அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றதல்ல. ஒவ்வொருவருக்கும் மருத்துவர் பார்த்துப் பார்த்துப் பொருத்துகிறார். உடற்பயிற்சி மிகவும் பயன்படும், ஆனால் படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ தொடங்க வேண்டும்: துடுப்புப் பயிற்சி இயந்திரம், நீச்சல், சாய்ந்து ஓட்டும் சைக்கிள், பல மாதம் கழித்தே நடை. உழைத்த மறுநாள் படுத்த படுக்கையாகிவிடுபவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சியில் தள்ளுவது கேடு செய்யும். உறவினர்கள் 'நல்லாத்தானே இருக்கே, எழுந்து நட, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லும் நல்லெண்ணம் இங்கேதான் ஆளைச் சாய்க்கிறது.

லைம் நோய் வராமலே தடுக்கத் தடுப்பூசி ஒன்று இருந்தது. 1998 இறுதியில் அனுமதி பெற்ற லைம்ரிக்ஸ், மூட்டுவலி தருகிறது என்ற அச்சமும் வழக்குகளும் சூழ, 2002இல் தயாரித்த நிறுவனத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுகள் அந்த அச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. இருபது ஆண்டுகள் மனிதருக்கு எதுவுமே இல்லாமல் கழிந்தன. அமெரிக்காவில் நாய்களுக்கு மட்டும் இருந்தது. புதிய ஊசியின் பெருஞ்சோதனை 2022இல்தான் தொடங்கியது.

ஏற்கெனவே படுத்திருப்பவர்களுக்கு இப்போதே செய்யக்கூடியது மலிவானது. பத்து நிமிடம் அமைதியாகப் படுத்து, நாடியும் இரத்த அழுத்தமும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவரிலிருந்து அரையடி தள்ளிக் குதிகாலை வைத்து, தோள்பட்டை மட்டும் சுவரில் சாய நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மீண்டும் குறிக்க வேண்டும். அசையவோ பேசிச் சிரிக்கவோ கூடாது. விழுந்தால் தாங்கப் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்திப் படுக்க வேண்டும். வேண்டிய கருவி கையில் சுற்றும் சாதாரண பிரஷர் கருவிதான். இரண்டு மூன்று காலை இப்படிச் செய்து, தேதி போட்டு, எண்களை வரிசையாக எழுதிய அந்தத் தாளை மருத்துவரின் மேசைமேல் வைக்கலாம். படுக்கையில் 72, முதல் நிமிடம் 104, ஐந்தாம் நிமிடம் 112, பத்தாம் நிமிடம் 118 என்று எழுதியிருக்கும் தாளைப் பார்த்த பிறகு, அடுத்த கேள்வியை மருத்துவர்தான் கேட்டாக வேண்டும்.